தீட்டு என்று நாங்கள் சொன்னது

நம் தென்னிந்தியர் சங்கத்துப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து எழுத்துப் பழகியவர்களுக்கு எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்பைத் தாண்டாத காலத்தில் மகளைக் கல்லூரிக்கு அனுப்பிய பெருமனத்தவர் என்று என் தகப்பனாரைப் புகழ்ந்தீர்கள். நான் மேடையில் கைகூப்பி அமர்ந்திருந்தேன். அந்தப் புகழ் அவருக்கு உரியதன்று என்பதை அறிந்தே அமர்ந்திருந்தேன். மாணவர் ஏட்டில் ஒரு புள்ளி விடுபட்டாலும் சிவப்பு மையால் வட்டமிட்டவள், என் குடும்பத்தின் பெரிய பிழையை அறுபது ஆண்டுகளாகத் திருத்தாமல் விட்டேன். அதை இப்போது திருத்துகிறேன்.

பிழை என் சித்தப்பாவைப் பற்றியது. உங்களில் பலருக்கு அவர் ‘வெந்தகாலு’. கரும்பு வண்டித் தண்டவாளத்தை ஒட்டி, இரு கைகளிலும் கோல் ஊன்றி நடந்து போனவர். அந்தப் பெயரைச் சொல்லி நீங்கள் ஓடும்போது நானும் உங்களோடு ஓடியிருக்கிறேன். என்னைத் தடுத்தவர் ஒருவருமில்லை.

அவர் இயல்பில் பேசாத மனிதர். எங்கள் தீவின் பா நகரத்திலிருந்து நான்கு மைல் தள்ளி எங்கள் இரு வீடுகளும் ஒரே வேலிக்குள் இருந்தன. நடுவில் கறிவேப்பிலைச் செடி ஒன்று. அவர் வயலிலிருந்து வருவார், கால் கழுவுவார், பலகையில் உட்கார்ந்து நீலக் கரை போட்ட எனாமல் தட்டில் சோறு தின்பார், தூங்கிவிடுவார். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசினால் அதிகம்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒருமுறை அவர் அப்படி இல்லை. நடவுக்கு வைத்திருந்த விதைக்கரும்பை எல்லாம் அக்கம்பக்கத்தில் வாரிக் கொடுத்தார். ஏசியவரைக் கட்டிப் பிடித்துச் சிரித்தார். கடைசியில் நான்கு பேர் சேர்ந்து தலைநகர் சுவாவில் இருந்த மனநோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். மூன்று மாதம் கழித்து, உடல் தடித்து, மெதுவாக நடந்து வந்து சேர்ந்தார். கண்ணுக்கு வைத்தியம் என்று ஊருக்குச் சொல்லியிருந்தார் என் தகப்பனார். சொன்னதற்குப் பொருந்த வேண்டுமே என்று ஒரு மூக்குக்கண்ணாடியும் வாங்கி மாட்டிவிட்டார். அது வெறும் கண்ணாடி. தெளிவாகத் தெரிந்த கண்கள்மேல் சித்தப்பா இரண்டு வருடம் அதை அணிந்திருந்தார். மழை பெய்தால் துடைப்பார். தகப்பனார் கோயில் கமிட்டித் தலைவர், சங்கத்தின் கிளைக்கும் அவரே தலைவர். தலைவரின் தம்பிக்கு மூளை கலங்கியது என்பதைவிடக் கண் மங்கியது என்பது கௌரவமாக இருந்தது.

அந்த இரண்டு வருடம் முடியும்போது வந்த கோயில் திருவிழாப் பருவத்தைத்தான் சொல்ல வந்தேன். ஆலையில் கரும்பு அரைவை தொடங்க இன்னும் சில வாரங்கள் இருந்தன. எனக்குப் பத்து வயது. சின்னம்மா, அதாவது சித்தப்பாவின் மனைவி, இரு குழந்தைகளைப் பேறுகாலத்தில் இழந்தபின் மூன்றாவதைச் சுமந்திருந்தாள். பிரசவத்துக்கு வோட்டுவாலேவுவில் இருந்த தாய்வீட்டுக்குப் போக வேண்டும். புறப்படும் நாள் காலையில் என்னைக் கறிவேப்பிலைச் செடியருகே கூப்பிட்டாள்.

“புள்ளே, உங்கப்பாகிட்ட சொன்னா, வாய மூடு, ஊரு கேக்கும்பாரு. உங்கம்மாகிட்ட சொன்னா அழுதுடுவாங்க. நீதான் கெட்டி. அதான் உங்கிட்ட சொல்லிட்டுப் போறேன்.”

“என்ன சின்னம்மா?”

“உங்க சித்தப்பாவ பாத்துக்க. மொதல்ல தூக்கந்தான் போவும். கோழி கூவறதுக்கு ரொம்ப முன்னாடியே எழுந்து வேல செய்வாரு, ஆனா பகல்ல சோர்வே இருக்காது. அப்புறம் உக்காந்து சாப்புட மாட்டாரு. தட்டக் கையில வச்சிக்கிட்டே நடப்பாரு. பேச்சு தமிழ்ல ஆரம்பிச்சி, ஹிந்தில தாவி, காய்வீத்தி பாஷையில போயி நிக்கும். கேக்கறவங்க எல்லாம் சிரிப்பாங்க. போன தடவ நானும்தான் சிரிச்சேன். அவரு சந்தோஷமா இருக்காருன்னு நெனச்சி சிரிச்சிட்டேன்.”

“இதெல்லாம் நல்லதுதானே சின்னம்மா?”

“நல்லது மாதிரியே இருக்கும்டி. அதாங் கஷ்டம்.”

அவள் ஒரு ஏற்பாடும் சொன்னாள். அவளுடைய அண்ணன் பாவுக்கும் நாண்டிக்கும் இடையே பஸ் ஓட்டுபவர். சனிக்கிழமை தோறும் எங்கள் மாமரத்தடியில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடிப்பார். எல்லாம் நலமென்றால் நான் ஒன்றும் கொடுக்க வேண்டாம். அந்தக் குறிகளில் எதையாவது கண்டால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொடுத்தனுப்ப வேண்டும்.

“அண்ணனுக்குக்கூட விஷயம் தெரிய வேணாம். எல பாத்தா நான் புரிஞ்சிக்குவேன். வயித்துல புள்ள இருந்தாலும் அடுத்த பஸ்ஸுல ஏறி வந்துடுவேன். ஆரம்பத்துலயே புடிச்சா சுவா டாக்டருகிட்ட கூட்டிக்கிட்டுப் போயிடலாம். தாண்டிடிச்சின்னா நம்ம பேச்சு அவரு காதுல ஏறாது.”

என் தலையில் கை வைத்தாள். நான் சரி என்றேன்.

முதல் இரு வாரங்கள் ஒன்றுமில்லை. மூன்றாம் வாரத்தில், இருட்டுப் பிரியும் முன் சுத்தியல் சத்தம் கேட்டு எழுந்தேன். சித்தப்பா கோழிக்கூட்டைப் பிரித்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். அன்று பகலெல்லாம் வயலில் களை வெட்டினார். மாலையில் எருதுகளின் கொம்புக்குப் பச்சை வண்ணம் பூசினார். எங்கள் அடுக்களையில் அம்மா அவருக்குச் சோறு போட்டாள். பலகை காலியாகக் கிடந்தது. எனாமல் தட்டு வாசலுக்கும் அடுப்புக்கும் இடையே நடந்துகொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எருதின் கொம்பில் மாட்டிவிட்டு, “அண்ணன் குடுத்த கண்ணு இவனுக்குத்தான் வேணும், நேரா உழ மாட்டேங்குறான்” என்றார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே சின்னம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. மறந்துபோனேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வழியில்லை.

அந்த வாரத்தில்தான் அவர் என்னைக் கவனித்தார். அதுவரை வீட்டில் யாரும் என் ஏட்டைத் திறந்து பார்த்ததில்லை. அவர் பார்த்தார். கணக்குகளை விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார். நான் ஆங்கிலப் பாடத்தை ஒப்பிக்கும்போது கரும்புக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தி, சிகத்தோக்காவில் ஒரு கடைக்காரர் வீட்டில் கொடுப்பதாகத் தகப்பனார் அப்போதே வாக்குக் கொடுத்திருந்தார். நான் அதைச் சொன்னதும் சித்தப்பா எழுந்து நின்றார்.

“எட்டாவதோடயா? இந்தத் தலைக்கா? நீ காலேஜு போற. நான் அண்ணங்கிட்ட பேசறேன்.”

அவர் தம் அண்ணனிடம் அதுவரை எதையும் பேசியவரல்லர். பேசும் துணிவு அவருக்கு எங்கிருந்து வருகிறது என்பது பத்து வயதில் எனக்குத் தெரிந்தே இருந்தது. சனிக்கிழமை பஸ் வந்தது. “என்னா டீச்சரம்மா, தங்கச்சிக்கு ஏதாச்சும் குடுத்து வுடறியா?” என்று, எப்போதும் என்னைக் கேலியாக அப்படியே அழைக்கும் ஓட்டுநர் மாமா கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். சித்தப்பா தகப்பனாரிடம் பேசட்டும், பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன்.

அடுத்த வாரம் தீமிதிக்குக் காப்புக் கட்டினார்கள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டியவர்கள் பத்து நாள் கோயிலிலேயே தங்க வேண்டும். ஒருவேளை உணவு, தரையில் படுக்கை, விடியுமுன் குளியல். சித்தப்பாவும் கட்டிக்கொண்டார். இரண்டாம் நாள் சனிக்கிழமையும் நான் பஸ்ஸை வெறுமனே அனுப்பினேன். அதன்பின் அவருடைய குறிகளை யாரால் கண்டிருக்க முடியும்? தூங்காமை அங்கே விரதம். உண்ணாமை பக்தி. இருப்பதை வாரிக் கொடுத்தல் தருமம். ஓயாத பேச்சு அம்மனின் வாக்கு. பஞ்சில் விழுந்த பஞ்சைப் போல அவருடைய நோய் அந்தப் பத்து நாட்களுக்குள் மறைந்துகொண்டது. ஊர் அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. தகப்பனாரின் முகத்தில் நான் அதுவரை காணாத ஒளி இருந்தது. சுவாவுக்குக் கொண்டுபோகப்பட்ட தம்பி இப்போது ஊரே வணங்கும் தம்பி.

ஒருவர் மட்டும் கண்டார். எங்கள் பூசாரி எழுதப் படிக்கத் தெரியாதவர், கரும்பு வெட்டும் கூலியாள். ஆறாம் நாள் காலை, நான் பால் செம்போடு நிற்கும்போது தகப்பனாரிடம் சொன்னார்:

“தலைவரே, தப்பா நெனைக்கக் கூடாது. மேளம் அடிச்சா அருள் வரும், மேளம் நின்னா போயிடும். நாப்பது வருசமா பாக்கறேன். உங்க தம்பிக்கு மேளமே வேணாங்குது. காப்பு கட்டுனவன் நாளுக்கு நாள் அடங்கணும். இவரு ஏறிக்கிட்டே போறாரு. இது அம்மா இல்ல.”

“அம்மா இல்லாம?”

“ஒடம்பு. கயித்த அவுத்து வீட்டுக்கு அனுப்பிடுங்க.”

“என் தம்பிமேல அம்மா எறங்கினா உமக்கு ஏன்யா எரியுது? பூசை உம்முது. கமிட்டி என்னுது. உம்ம வேலையப் பாரும்.”

பூசாரி என்னைப் பார்த்தார். நான் பால் செம்பைப் பார்த்தேன்.

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் கோயில் முற்றத்தில் இருந்தார்கள். சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினார். மஞ்சளும் வியர்வையும் கற்பூரமும் கலந்த அவர் மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

“அண்ணே, இந்தப் புள்ளைய நீ கட்டிக் குடுக்கப் போறியாமே? குடுக்காத. காலேஜுக்கு அனுப்பு. நான் கேக்கல, அம்மா கேக்கறா. இல்லன்னு சொல்லுவியா? சொல்லு பாப்பம், இத்தன பேரு முன்னால!”

தகப்பனார் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. தம்பியை ஏற்றிவைத்தவர் அவரே. இறக்க அவரால் முடியவில்லை. கற்பூரத்தைக் கொண்டுவரச் சொன்னார். சுடரின்மேல் கைவைத்து, அனுப்புகிறேன் என்று சொன்னார். என் கல்லூரிப் படிப்பு அந்த நிமிடத்தில் பிறந்தது. தொலைநோக்கு ஒன்றும் அதில் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. தீமிதிக்கு முந்தின நாள். பெற வேண்டியதைப் பெற்றாகிவிட்டது, இனிச் சொல்லிவிடலாம் என்று காலையிலேயே ஒரு கொத்துக் கறிவேப்பிலை ஒடித்து வைத்துக்கொண்டேன். மாமரத்தடியில் காத்து நிற்கையில்தான் அந்தக் கணக்குப் புலப்பட்டது. அவர் நோயாளி என்று நான் சொன்னால், நேற்றுப் பேசியது நோய். நோய் கேட்ட வரத்துக்கு யார் கட்டுப்படுவார்கள்? சிகத்தோக்காக் கடைக்காரர் இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்தார். பஸ் வந்து நின்றபோது கொத்து என் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது.

“டீச்சரம்மா, கருவேப்பில இருக்கான்னு தங்கச்சி ரெண்டு வாட்டி கேட்டனுப்பிடுச்சி. அங்க எங்க வூட்டு வாசல்லயே ரெண்டு மரம் நிக்குது! என்னா புள்ளத்தாச்சி ஆசையோ போ.”

“இந்த வாரம் எலையில பூச்சி வுழுந்துடிச்சி மாமா.”

“அச்சா. அப்ப ஒண்ணும் இல்லன்னு சொல்லிடறேன்.”

அவர் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். புழுதி அடங்கும்வரை நான் கையை முன்னால் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தபோது இலைகள் கசங்கி உள்ளங்கை பச்சையாக இருந்தது. ஆட்டுக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தீக்குழியில் காலையிலேயே கட்டைகளை அடுக்கிக் கொளுத்தினார்கள். கரகத்தோடு எல்லாரும் ஆற்றுக்குப் போனார்கள். கட்டைகள் எரிந்து தணிந்து, தணலைப் பரப்பிச் சமன்செய்த பிறகு, பிற்பகலில் ஊர்வலம் திரும்பி வரும். பூசாரி முதலில் இறங்குவார். அதுதான் முறை. நடுப்பகலில் குழியருகே பெண்களும் பிள்ளைகளும் தணல் தள்ளும் இரண்டு ஆட்களும் மட்டும் இருந்தோம். ஆற்றுப் பாதையிலிருந்து சித்தப்பா தனியாக ஓடிவந்தார். ஈர வேட்டி, வெற்று மார்பு, முகமெல்லாம் சிரிப்பு. என்னைக் கண்டு கையசைத்தார். கட்டைகள் இன்னும் சுடர்விட்டுக்கொண்டிருந்தன. அவர் இறங்கினார். கடந்து போகவில்லை, நடுவில் நின்று எங்களோடு பேசத் தொடங்கினார். தமிழ், ஹிந்தி, தீவின் பூர்வகுடிகள் பேசும் காய்வீத்தி என மூன்று பாஷையிலும் பேசினார். தணல் தள்ளும் ஆட்கள் இருவரும் நீண்ட கம்புகளால் அவரை வளைத்து வெளியே இழுக்கும்வரை பேசினார். வெளியே வந்தும் பேசினார். அவர் பாதங்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

எங்கள் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். மனமும் உடலும் சுத்தமாக இருப்பவனைத் தீ தொடாது. தொட்டால் அவனிடம் குறை. மாலைக்குள் ஊர் குறையைத் தேடத் தொடங்கியது. அந்தி பஸ்ஸில் செய்தி வந்தது: வோட்டுவாலேவுவில் சின்னம்மாவுக்கு அன்று விடியற்காலை ஆண்குழந்தை. தகப்பனார் குழந்தை பிறந்த நேரத்தை இன்னொருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு கோயில் முற்றத்துக்கு வந்து, தலைவர் குரலில் அறிவித்தார்:

“யார் மேலயும் குத்தமில்ல. விடியக்காலம் புள்ள பொறந்திருக்கு. பொறப்புத் தீட்டு தெரியாம தம்பி நெருப்புல எறங்கிட்டான். அவ்வளவுதான்.”

அவர் அதைக் கருணை என்றே நினைத்தார். தம்பியின் விரதமும் பழுதில்லை, மூளையும் பழுதில்லை; பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தைதான் காரணம். ஊர் ஏற்றுக்கொண்டது. பூசாரி மட்டும் தலையைக் குனிந்து நின்றார்.

தீட்டுக் கழிந்ததும் சின்னம்மா குழந்தையோடு வந்தாள். சித்தப்பா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குள் போகவில்லை. குழந்தையைத் தோளில் போட்டபடி நேரே என்னிடம் வந்தாள்.

“புள்ளே, நீ கண்ணால பாத்ததச் சொல்லு. அவரு உக்காந்துதானே சாப்புட்டாரு?”

“ஆமா சின்னம்மா.”

“தூங்கினாரா?”

“தூங்கினாரு.”

“பேச்சு?”

“எப்பவும் போலதான்.”

அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்தாள். குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்து அதன் முகத்தையே பார்த்தாள். “அப்ப நெசமாவே இவந்தானா” என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

என் பொய்க்கு என்ன பயன் விளைந்தது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். தீட்டுதான் காரணம் என்றானதால் வெள்ளிக்கிழமை வாக்கு அம்மனின் வாக்காகவே நின்றது. தகப்பனார் அதை மீறவில்லை. நான் கல்லூரிக்குப் போனேன். சித்தப்பாவுக்கு அந்த எழுச்சி மூன்று முறை திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் தீட்டுக் கழிக்கத்தான் முதலில் ஆள் தேடினார்கள். டாக்டரிடம் போகும்போது எல்லாம் கைமீறியிருந்தது. மகனுக்குப் பதினைந்து வயதாகும்போது அவர் இறந்தார். சின்னம்மா அந்த மகனை ஒரு சொல் கடிந்ததில்லை. ஆனால் திருவிழா நாட்களில் அவனைக் கோயில் வேலிக்குள் அழைத்துப் போக மாட்டாள். வேலிக்கு வெளியே, வெயிலில், அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மேளத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். அவள் சாகும்வரை நான் ஆண்டுக்கு இருமுறை பார்க்கப் போனேன், சேலை வாங்கிப் போனேன், சொல்லத்தான் இல்லை. அவருடைய நோய்க்கு இருமுனை மனநோய் என்று பெயர் இருப்பதையும், முன்குறிகளைக் குடும்பத்தார்தான் முதலில் காண்பார்கள் என்பதையும் நடுவயதில் ஒரு நூலில் படித்தபோது, நூலை மூடி அலமாரியில் வைத்தேன்.

சென்ற மாதம் சின்னம்மாவின் மகன், எனக்குத் தம்பி, நகாசியிலிருந்து தொலைபேசியில் பேசினான். தமிழ் அவனுக்குத் தெரியாது. எங்கள் பேச்சு ஹிந்தியில்தான்; அக்கா என்பதற்குத் ‘தீதி’ என்பான். அவன் குரலில் பூரிப்பு. “தீதி, லட்கா ஏக்தம் பதல் கயா!” என்றான். அவனுடைய மகன் முழுக்க மாறிவிட்டானாம். வேலையில்லாமல் முடங்கிக் கிடந்தவன் இப்போது இரவெல்லாம் விழித்து வீட்டுக்கு வண்ணம் பூசுகிறான், மூன்று தொழில் தொடங்கப் போகிறான், சோர்வே இல்லை, அக்கம்பக்கம் எல்லாம் அவன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறது.

மறுநாள் முதல் பஸ்ஸில் நகாசிக்குப் போனேன். தம்பியைக் கூடத்தில் உட்காரவைத்து, நீங்கள் இதுவரை படித்தது அனைத்தையும் சொன்னேன். வகுப்பில் பேசிப் பழகிய குரல் உதவவில்லை. நடுவில் அவன் ஒன்றே ஒன்று கேட்டான்:

“தீதி, மாய் ஜானத் ரஹா?”

அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா என்கிறான். இல்லை என்றேன். அவன் சன்னலுக்கு வெளியே பார்த்தான். அங்கே அவன் மகன் ஏணிமேல் நின்று பாடிக்கொண்டிருந்தான். எனக்கு வைத்திருந்த தேநீரைத் தம்பி என் பக்கம் நகர்த்தவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பேனாவும் தாளும் கொண்டுவந்தான்.

முதலில் என்ன வந்தது, அடுத்து என்ன வந்தது, எத்தனை நாளில் என்று கேட்டுக் கேட்டு எழுதினான். நான் தயங்கிய இடங்களில் பேனாவை நிறுத்திக் காத்திருந்தான். முடிந்ததும் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் கண்டது யார் என்று டாக்டர் கேட்பார், யார் பெயரை எழுதட்டும் என்றான்.

என் பெயரை முழுதாகச் சொன்னேன். தப்பாக எழுதினான். திருத்திக் கொடுத்தேன்.